முப்பது கிராம் உப்புக்கண்டம்

அடுத்த வியாழக்கிழமை அப்பாவின் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றுவதாக ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். அதற்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அப்பா வயிறாரச் சாப்பிட வேண்டும், அவருடைய எடை அறுபது கிலோவைத் தாண்டவும் கூடாது.

இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது அவரை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றே தெரிந்துவிட்டது. உப்பு உள்ளே போனால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், எடை ஏறும். அதனால் சமையலில் உப்பு என்ற பேச்சே கூடாது. காய்கறியிலும் பாலிலும் தானாக இருக்கிற உப்பையும் சேர்த்து ஒரு நாளைக்கு முக்கால் டீஸ்பூனுக்குள் அடங்க வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கும் அளவு உண்டு. கோடு போட்ட பாட்டில் ஒன்று கொடுத்திருந்தார்கள். தினமும் காலை எட்டு மணிக்குள் எடையை வார்டு நர்ஸிடம் போனில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வரும்போது ஐம்பத்தெட்டரை. அறுபதைத் தாண்டினால் தேதி போய்விடும். அடுத்த தேதி நான்கு மாதம் கழித்துத்தான் கிடைக்கும். பெரிய டாக்டர் அப்பாவை வெளியே உட்கார வைத்துவிட்டு, இந்த வால்வு நான்கு மாதம் தாங்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்று அத்தையிடமும் என்னிடமும் சொன்னார்.

அது போதாதென்று, சாப்பிடாமல் கிடந்து உடம்பு இப்படியே வற்றினாலும் ஆபரேஷனைத் தாங்காது என்றார்கள். மாமிசம், முட்டை, பருப்பு எதுவானாலும் உள்ளே போக வேண்டும்.

அப்பா எதையும் சாப்பிடவில்லை.

அவர் முப்பது வருஷம் ஒரு இறைச்சிக் கடையின் பின்கட்டில், உப்பு அறையில் வேலை பார்த்தவர். பன்றித் தொடைகளை உப்பில் புதைப்பது, திருப்புவது, தொங்கவிடுவது, பதம் பார்ப்பது. அப்படிப்பட்ட மனுஷர் முன்னால் உப்பில்லாத அவித்த முட்டையை வைத்தால் என்ன ஆகும். செவ்வாய்க்கிழமை இரண்டு வாய். புதன்கிழமை ஒரு வாய். தட்டைத் தள்ளிவிட்டு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சாப்பிட்டுத் தொலையேன்டா" என்றாள் அத்தை. அவள் அப்பாவுக்கு மூத்தவள். எட்டு வருஷமாக எங்களோடுதான் இருக்கிறாள்.

"சுவத்தை நக்கிப் பாரு அக்கா. இதைவிட ருசியா இருக்கும்."

"உனக்கு ருசியா முக்கியம், உசிரா முக்கியம்?"

"ஒரே ஒரு துண்டு உப்புக்கண்டம் குடு. இந்தச் சட்டியையே காலி பண்றேன்."

அத்தை உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய், நாற்காலி போட்டு ஏறி, அலமாரியின் உச்சியில் வைத்தாள். அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே மெதுவாக ஏறினாள், மெதுவாக இறங்கினாள். அப்பா சிரிக்கவில்லை. தட்டு அப்படியே இருந்தது. அவருடைய மணிக்கட்டில் கடிகாரம் வளையல் மாதிரி சுழன்றுகொண்டிருந்தது.

நான் அன்று மத்தியானம் அப்பா வேலை பார்த்த கடைக்குப் போனேன்.

உப்புக்கண்டத்தை ஊற வைத்தால் உப்பு இறங்கும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எவ்வளவு இறங்கும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக் கணக்குச் சொல்கிற அம்மாள் வேறேதும் கேட்க வேண்டுமா என்று இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார். கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. நான் தலையை ஆட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், பதில் தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். பத்தாவதோடு நின்றுவிட்டதில் எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி, இனிமேல் யாரும் என்னை எழுப்பி நிறுத்த மாட்டார்கள் என்பது. அத்தை எனக்கு வைத்திருக்கும் பெயர் வாயில்லாப்பூச்சி.

கடையில் கூட்டம். கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் வரிசையாக இருந்தது. சாசேஜ் ஆகாது. அரைக்கும்போதே உப்பைச் சேர்த்துவிடுவார்கள், அதை எந்தத் தண்ணீராலும் வெளியே எடுக்க முடியாது. பேக்கன் ஆகாது. மெல்லிசு, இரண்டு பக்கத்திலிருந்தும் உப்பு நடுவில் சந்தித்திருக்கும். மேலே தொங்குகிற தொடைகள் நாள்பட நாள்படச் சுண்டியவை, தண்ணீர் போய் உப்பு மட்டும் தங்கியிருக்கும். இதெல்லாம் அப்பா சாப்பிடும்போது வேலையைத் திட்டிக்கொண்டே சொன்னதில் காதில் விழுந்தவை.

முதலாளி என்னைப் பார்த்துவிட்டார். அப்பாவைப் பற்றி விசாரித்தார். உப்பு ஆகாது என்று நான் முணுமுணுத்தது எப்படியோ அவர் காதில் விழுந்து, ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். வெட்டின ஹாம், உப்பிட்ட தொடைக்கறி. மேலே பச்சையில் ஒரு இருதயப் படம். "உப்பு பாதிக்குப் பாதி குறைவு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இருதயக்காரர்கள் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள், யோசிக்காதே என்றார்.

பின்னால் நின்ற அம்மாள் இடித்தாள். நான் பாக்கெட்டைத் திருப்பி, மடிப்புக்குள் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். ஆறாவது வரியில் பொட்டாசியம் குளோரைடு. ஆஸ்பத்திரித் தாளில் சிவப்பில் அடிக்கோடு போட்டிருந்த ஒரே வரி அதைப் பற்றித்தான். அப்பா சாப்பிடுகிற மாத்திரையோடு அது சேர்ந்தால் இருதயம் துடிப்பதையே நிறுத்திவிடலாம். உப்புக்குப் பதிலாக விற்கிற எந்த உப்பும் வேண்டவே வேண்டாம்.

பாக்கெட்டைத் திரும்ப வைத்தேன்.

"என்னம்மா, உனக்கு நல்லது சொன்னா?" என்றார் முதலாளி.

"இது வேண்டாம். உப்புல போட்டு ரெண்டு நாள் ஆனது இருக்கா?"

"அது கண்டமே இல்லையே. இன்னும் பச்சைக் கறி."

"அதான் வேணும். நடுத்துண்டு. எலும்பு இல்லாம."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், யாராவது சிரிக்கிறார்களா என்று. பிறகு தொட்டியிலிருந்து கை நீளத்துக்கு ஒன்றை எடுத்து, உப்பைத் தட்டிவிட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். உப்பு ஒரு விரல் கனத்துக்கு இறங்க ஒரு நாள் ஆகும் என்று அப்பா சொல்வார். இது ஆறு விரல் கனம். சுற்றிலும் வெட்டி எறிந்தால் நடுவில் உப்பு அதிகம் எட்டாத சதை இருக்க வேண்டும்.

வீட்டில் வெளிப்புறத்தை இரண்டு விரல் கனத்துக்குச் சீவினேன். அதை எனக்கும் அத்தைக்கும் என்று ஒரு பாத்திரத்தில் ஊறப் போட்டேன். நடுச்சதையை நாருக்குக் குறுக்காகக் காகிதம் மாதிரி வெட்டி, வேளைக்கு முப்பது கிராம் என்று நிறுத்துப் பிரித்து, வேறு பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் மத்தியானம் வரை மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும். அதில் ஒரு தடவை நான் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது அத்தையே மாற்றிவிட்டாள். பிறகு ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரையும் வடித்தேன். ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியிருந்தது. அந்த அளவு போதும் என்று பட்டது.

கொஞ்சம் எண்ணெயில் வெங்காயம், நசுக்கின பூண்டு, மிளகு. துண்டுகளைப் போட்டு ஓரம் சிவக்கிற வரை விட்டு, கடைசியில் ஒரு ஸ்பூன் வினிகர் தெளித்தேன். சட்டியிலிருந்து கிளம்பின வாசனைக்கு அப்பா அறையிலிருந்து எழுந்து வந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஆனால் தானாக வந்தார்.

அவருக்குச் சோறு தனியாகச் சின்னப் பாத்திரத்தில். அது அத்தையின் இலாகா. நான் கறியைப் பார்த்துக்கொண்டேன், அவள் சோற்றையும் காயையும் பார்த்துக்கொண்டாள். அன்று அப்பா தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. முட்டைக்கோஸ் கூட்டு வரைக்கும் வழித்தார். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்காரன் குடுக்காத மருந்தை இவ குடுத்துட்டா" என்றாள் அத்தை. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எடைபார்க்கும் மிஷின் சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டில் சமமான தரை அங்கே மட்டும்தான். வெள்ளிக்கிழமை காலை ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு. அத்தை போனில் சொன்னாள். போன் பேசுவது எப்போதும் அவள்தான். சனிக்கிழமை ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது. சாப்பிட்டால் எடை ஏறத்தானே செய்யும் என்றாள் அத்தை. நான் அன்று கறியைப் பதினைந்து கிராமாகக் குறைத்து, ஐந்து தண்ணீர் மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்தொன்பது புள்ளி நான்கு.

மூன்று பேரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்பா இறங்கி மறுபடி ஏறினார். அதே எண். நான் குனிந்து அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது. பத்து எண்ணுகிற வரைக்கும் அந்தக் குழி நிரம்பவில்லை.

அத்தை போனை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். "ஐம்பத்தெட்டு எட்டு சிஸ்டர்" என்று அவள் சொன்னது கேட்டது.

திரும்பி வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல், இன்னும் அறுபது ஆகவில்லையே, இப்போதே சொல்லி எதற்கு அவர்களைக் கிளப்பிவிட வேண்டும் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் கறிதான் காரணம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். மீதி இருந்த நடுச்சதையைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து கீழே கொண்டுபோய் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஏழு படி ஏறுவதற்குள் நின்று மூச்சு விட வேண்டியிருந்தது, எனக்கு வியாதி எதுவும் இல்லை.

அன்று மத்தியானம் அப்பாவுக்குக் கறி கிடையாது. முட்டை வெள்ளைக்கரு, பீன்ஸ், சோறு. தட்டைத் தள்ளிவிடுவார் என்று கதவோரம் நின்று பார்த்தேன். அவர் சாப்பிட்டார். அவசரமில்லாமல் முழுதும் சாப்பிட்டார். பயம் வந்துவிட்டது, அதனால் சாப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஐம்பத்தொன்பது புள்ளி ஒன்பது.

கறி நிறுத்தி ஒரு நாள் ஆகிவிட்டது. தண்ணீர் பாட்டிலில் கோட்டுக்குக் கீழேதான் குடிக்கிறார், நானே அளந்து வைக்கிறேன். நீர் மாத்திரை வேளைக்கு வேளை கொடுக்கிறேன். ஆனாலும் அரைக் கிலோ ஏறியிருந்தது. ராத்திரி மூன்று தலையணை வைத்தும் படுக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கியிருந்தார். அத்தை போனில் ஐம்பத்தொன்பது என்றாள். நர்ஸ் ஏதோ கேட்டிருக்க வேண்டும், "கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றும் சொன்னாள்.

மத்தியானம் மறுபடி முட்டை, கோஸ், சோறு. அப்பாவுக்கு ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் மூச்சு வாங்கியது. ஆனாலும் கை நிற்கவில்லை. முட்டையை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றை எடுத்து எடுத்துச் சாப்பிட்டார். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பில்லாத வெறும் சோற்றை உலகத்தில் யார் அப்படிச் சாப்பிடுவார்கள்.

பக்கத்தில் போய் அவர் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன்.

"அப்பா, சோத்துல உப்பு இருக்கு."

அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"முப்பது வருஷம் உப்புல கிடந்த நாக்கு. தெரியாம இருக்குமா?"

"எப்ப இருந்து?"

"முதல் நாள்ல இருந்து." "சொன்னா அதையும் பிடுங்கிருப்பீங்க" என்றார்.

நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் மூன்று பாட்டில் நின்றது. இரண்டு காலி, அடியில் மட்டும் கலங்கல். ஒன்றில் கழுத்து வரை கலங்கலான தண்ணீர். மூடியைத் திறந்ததும் எங்கள் வீட்டில் நான் பிறந்த நாளிலிருந்து இருக்கிற வாசனை வந்தது.

எங்கள் வீட்டில் உப்புக்கண்டம் ஊறிய தண்ணீரை யாரும் கொட்டியதில்லை. கடையில் வாரக் கடைசியில் வெட்டுத் துண்டுகளைக் கொடுத்து அனுப்புவார்கள். அம்மா இருந்த காலத்திலிருந்தே அதை ஊற வைத்த தண்ணீரில்தான் சோறு பொங்குவோம், காய் வேக வைப்போம். அதற்கென்று தனியாக உப்புப் போட மாட்டோம். குழாயைத் திறக்கிற மாதிரி, கை பழகிய வேலை அது. பாத்திரத்தில் வடித்தால், அடுத்த கை தானாகப் பாட்டிலைத் தேடும். நான் பாத்திரத்தில் வடித்து அப்படியே வைத்துவிட்டுப் போன தண்ணீரை எல்லாம் அத்தை பிடித்து வைத்திருந்தாள், எங்களுக்கென்று ஊறப் போட்ட வெளிப்புறத்துத் தண்ணீரையும் சேர்த்து. நான் கறியிலிருந்து பாடுபட்டு வெளியே எடுத்த உப்பு முழுவதும் அப்பாவின் சோற்றுக்குள் போயிருந்தது.

அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் கையில் பாட்டிலைப் பார்த்தாள்.

"அத்தை, இதுலயா சோறு வெச்சீங்க?"

"பின்னே? கறியோட சத்து எல்லாம் அதுலதானே இறங்கியிருக்கு. அவனுக்குச் சத்து வேணும்னுதானே தவிக்கிறோம்."

"இது உப்புத் தண்ணி."

"நான் உப்பு டப்பாவைத் தொட்டேனாடி? மேல ஏறிப் பாரு. வெச்ச இடத்துல அப்படியே இருக்கும்."

அவள் உண்மையைத்தான் சொன்னாள். உப்பு என்றால் அவளுக்கு டப்பாவில் இருக்கிற வெள்ளைத் தூள். பாட்டிலில் இருந்தது தண்ணீர். அவள் பேசிக்கொண்டே இருந்தாள், பேசப் பேசக் குரல் குறைந்தது. கடைசியில் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கித் தொட்டியில் கவிழ்த்தாள். அது குபுக் குபுக்கென்று இறங்கியது. பிறகு அவள் அப்பா பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லக் கூடாதாடா பாவி" என்றாள்.

அப்பா கையைக் கழுவக் கேட்டார். நான் கிண்ணத்தைப் பிடித்தேன். "கத்தி வைக்கப் போறாங்க. அதுக்கு மேல என்னன்னு யாருக்குத் தெரியும். அஞ்சு நாள் வாய்க்கு ருசியாச் சாப்பிட்டேன்" என்றார்.

சாயங்காலம் அத்தை தெளிந்துவிட்டாள். காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது, இனி தானாக இறங்கிவிடும், இரண்டு நாளில் அவன் பழையபடி ஆகிவிடுவான் என்று கணக்குப் போட்டாள். ஆஸ்பத்திரியில் சொன்னால் ஒழுங்காகப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று தேதியை வேறு யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். நாம் ஏன் நம் வாயால் கெட வேண்டும். அப்பாவும் அதற்குத் தலையாட்டினார். எனக்கும் அப்படியே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பேச வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா மிஷின் மேல் ஏறுவதற்கு இரண்டு பேரும் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தால் எடை தப்பாகக் காட்டும் என்று ஒரு நொடி கையை விட்டோம்.

அறுபது புள்ளி நான்கு.

மணி ஏழே முக்கால். அத்தை போனைக் கையில் எடுத்தாள். "ஐம்பத்தொன்பது ரெண்டுன்னு சொல்லிடறேன். நாளைக்குச் சாயங்காலம் சேர்க்கும்போது அவங்களே பார்க்கப் போறாங்க. அதுக்குள்ள இறங்கிடும்."

"இறங்கலேன்னா?"

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு."

அவள் நம்பரை அழுத்தினாள். மணி போகிற சத்தம் எனக்கும் கேட்டது. அப்பா நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் தேடி எடுத்துக்கொண்டிருந்தார். உதடு ஓரம் நீலமாக இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்பது போல விரலை மட்டும் அசைத்தார்.

"சிஸ்டர், வணக்கம், எடை சொல்லணும்..." என்று அத்தை ஆரம்பித்தாள்.

நான் அவள் கையிலிருந்து போனை எடுத்தேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் நகம் என் மணிக்கட்டில் கீறியது.

"அறுபது புள்ளி நாலு" என்றேன்.

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. என் குரல் வெளியே வந்ததா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மறுபடி சொன்னேன், சத்தமாக. பிறகு நிறுத்தத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்தொன்பது நாலு, நேற்று ஐம்பத்தொன்பது ஒன்பது, நாங்கள் சொன்னது இரண்டும் பொய் என்றேன். காலில் குழி விழுகிறது, படுக்க முடியவில்லை என்றேன். உப்புக்கண்டம் கொடுத்தேன், அது ஊறிய தண்ணீரில் ஐந்து நாள் சோறு வெந்தது என்றேன்.

நர்ஸ் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை வேளை, கறி எவ்வளவு, பாக்கெட் கறியா, அதில் பொட்டாசியம் உண்டா, இன்று காலை மாத்திரை கொடுத்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. பாக்கெட் கறி இல்லை, படித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன் என்றதும், "நல்ல வேளை" என்றார்.

"தேதி போயிடுமா சிஸ்டர்?"

"அதை நான் சொல்ல முடியாது. நாளைக்கு வரைக்கும் வீட்டுல வெச்சிருந்தா தேதிக்கு ஆளே இருந்திருக்க மாட்டாரு. இப்பவே கிளம்புங்க. உட்கார வெச்சே கூட்டிட்டு வாங்க, படுக்க வைக்காதீங்க."

டாக்சியில் அத்தை முன்னால் உட்கார்ந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அப்பா என் தோளில் சாய்ந்திருந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். மூன்றாவது சிக்னலில் அவர் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவின் கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். தண்ணீர் சிறுநீராக இறங்க இறங்கப் பையில் பிடித்து அளந்தார்கள். சின்ன டாக்டர் வந்து, புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு எடை பார்ப்போம், ஐம்பத்தொன்பதுக்குள் வந்து ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தால் பெரிய டாக்டர் முடிவு செய்வார் என்றார். இல்லையென்றால் அந்த இடத்துக்கு இன்னொருவர் தயாராகக் காத்திருக்கிறார். அதைச் சொல்லும்போது எதிர்க் கட்டிலைப் பார்த்தார். அங்கே ஒரு வாத்தியார் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். அத்தை பதிலுக்கு அசைக்கவில்லை.

சாப்பாட்டுக் கணக்கு அம்மாளும் வந்தார். ஊற வைத்தாலும் உப்பு முழுதாகப் போகாது, இதையெல்லாம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்றார். என்ன செய்தாய் என்று கேட்டார். சொன்னேன். நடுத்துண்டு எடுத்ததையும் குறுக்கே வெட்டினதையும் எழுதிக்கொண்டார். கறியால் மட்டும் இவ்வளவு ஏறியிருக்காது என்றார். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை முழுவதும் அத்தை என்னோடு பேசவில்லை. ஐந்து மணிக்கு வாத்தியாரை எடை பார்க்கக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கூட்டிவந்தார்கள். அவருக்கு எண் சரியாக வந்திருக்க வேண்டும், மனைவி நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அவர்களுக்குக் கெடுதல் நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நினைப்பு அடங்கவில்லை.

ஆறு மணிக்கு வார்டு மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்பா ஏறினார். எங்கள் வீட்டு மிஷின் உடனே எண்ணைக் காட்டிவிடும். இது இழுத்தடித்தது. ஐம்பத்தொன்பது என்றது, ஐம்பத்தொன்பது ஒன்று என்றது, மறுபடி ஐம்பத்தொன்பது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நர்ஸ் அப்பா போட்டிருந்த செருப்பைக் கழற்றச் சொன்னார்.

ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது.

நர்ஸ் எழுதிக்கொண்டு போனார். சின்ன டாக்டர் ரத்தத் தாளோடு வந்து, பார்த்துவிட்டு, போனில் யாரிடமோ பேசினார். பெரிய டாக்டர் ஒப்புக்கொண்டுவிட்டார், நாளை இரண்டாவது ஆள் நீங்கள் என்றார். எதிர்க் கட்டிலுக்கு அவர் போனபோது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அதற்குள் ஏழு மணிச் சாப்பாட்டுத் தட்டு வந்திருந்தது. அவித்த கோழி, கேரட், சோறு. ஆபரேஷனுக்கு முன்னால் இதுதான் கடைசிச் சாப்பாடு, பாதியாவது சாப்பிடச் சொல்லிவிட்டு நர்ஸ் போனார். அப்பா இரண்டு ஸ்பூன் எடுத்தார். மூன்றாவது இறங்கவில்லை.

அத்தை ஸ்பூனை வாங்கினாள். ஊட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு வாய் தானே போட்டுக்கொண்டாள். மென்றாள். நின்றாள். மறுபடி மென்றாள்.

"இதையாடா இத்தனை நாளாத் தின்னச் சொன்னேன்" என்றாள்.

அப்பா சிரித்தார், சிரிப்பில் இருமல் வந்தது. அவர் வாயைத் திறந்தார். அத்தை அவருக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய் என்று தட்டு காலியாகிற வரைக்கும் ஊட்டினாள்.